கைகுலுக்க மறுத்த சர்வர்கள்

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். அஞ்சல் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், அவருடைய மனைவி, அவர்களுடைய ஒரே மகன், அந்த மகனின் மனைவி, அதாவது அந்த வீட்டு மருமகள், தரை துடைத்துக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாள். பிற்பாடு இந்த விஷயத்தை உறவுக்காரர்கள் தலைக்கு ஒரு விதமாகப் பேசியதால், இருந்தவர்கள் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "நானும் அங்கதான் இருந்தேன்" என்று வேறு யாராவது சொன்னால், அவர் இல்லை.

"தம்பி என் செய்தியைப் படிச்சிட்டான். படிச்சிட்டுத்தான் சும்மா இருக்கான்" என்றார் பெரியவர். "திங்கட்கிழமை அனுப்பினேன். இன்னிக்குப் புதன். ஒரு வரி பதில் இல்லை."

"அவருக்கு என்ன வேலையோ என்னவோ" என்றார் அவர் மனைவி.

"ரிட்டயர் ஆனவனுக்கு என்ன வேலை?"

பெரியவரும் ரிட்டயர் ஆனவர்தான் என்பதை அந்தக் கூடத்தில் யாரும் நினைவூட்டவில்லை. மகன் சட்டென்று அலுவலகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் எப்போதும் நல்ல நேரம் பார்த்துக் கிளம்புபவன்.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பேச்சு வெளியார் கம்பெனி வழியாகப் போகாது. உலகம் முழுவதும் யாரோ ஒருவருடைய செயலியில் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருக்க, பெரியவர் வீட்டில் செய்தி அனுப்புவதற்கென்றே சொந்தமாக ஒரு சர்வர் இருந்தது. சாமான் அறையில், இரும்புப் பெட்டியின் மேல், ஒரு பழைய கம்ப்யூட்டர். பெரியவருடைய தம்பிக்கு அதிலேயே ஒரு கணக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்கத்தான் செய்தார்கள். "அவர் வீட்டு சர்வர்ல நான் ஒண்டுக்குடித்தனம் இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, சின்னவர் தன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் தனியாக ஒன்று வைத்துக்கொண்டார். இரண்டு சர்வர்களும் இணையம் வழியாகக் கைகுலுக்கி, இந்த வீட்டுச் செய்தியை அங்கேயும் அந்த வீட்டுச் செய்தியை இங்கேயும் சேர்க்கும். இரண்டு தபால் நிலையங்கள் பை மாற்றிக்கொள்வது மாதிரி.

சர்வர்கள்தான் கைகுலுக்கின. அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. தங்கையின் வீட்டு விசேஷம் ஒன்றில் நன்றியுரை சொல்வதற்காகப் பெரியவர் இரண்டு பக்கம் எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சின்னவர் எழுந்து, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல், எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றோடு குரல் நின்றது. ஆனால் அண்ணன் தம்பி பேசுவதில்லை என்று வெளியில் தெரிந்தால் குடும்ப மானம் என்ன ஆவது? ஆகவே எழுத்து மட்டும் தொடர்ந்தது. "தங்கள் கவனத்துக்கு" என்று தொடங்கி "தகவலுக்காக" என்று முடியும் செய்திகள், மாதத்துக்கு இரண்டு.

இப்போது அந்தத் தங்கையின் மகளுக்குக் கல்யாணம். இருவருக்கும் நடுவில் பிறந்த தங்கை, இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக ஒரே உத்தரவைப் போட்டிருந்தாள். "பத்திரிகையில தாய்மாமன்கள் பேரு எப்படி வரணும்னு நீங்களே ஒத்து முடிவு பண்ணி, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள அச்சகத்துக்குச் சொல்லிடணும். இல்லைன்னா ரெண்டு பேர் பேரும் இல்லாமலே அடிச்சிடுவேன்."

அவள் செய்யக்கூடியவள். பெயர் இல்லாத பத்திரிகையை நானூறு வீடுகளில் நானூறு பேர் பிரித்துப் படிப்பதைப் பெரியவர் நினைத்துப் பார்த்தார். திங்கட்கிழமை அனுப்பிய வாசகத்துக்குத்தான் இன்னும் பதில் இல்லை.

"மாமா, கொஞ்சம் இருங்க, பார்க்கிறேன்" என்று மருமகள் மடிக்கணினியைத் திறந்தாள். ஒரு பெரிய மருத்துவமனையில் கணினிப் பிரிவைக் கவனிப்பவள் அவள். ஓய்வு வேண்டும் என்று அந்த வாரம்தான் விடுப்பு எடுத்திருந்தாள்.

ஐந்து நிமிடத்தில் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "சின்ன மாமா படிக்கவே இல்லை மாமா. செய்தி அங்க போகலை. நம்ம வாசலையே தாண்டலை."

"நான் அனுப்பினது போகலையா? முப்பத்தஞ்சு வருஷத்துல என் கையால போன ஒரு தபால்..."

"இது தபால் இல்லை மாமா."

"அதான் போகலை."

"நம்ம சர்வரோட அடையாளச் சான்றிதழ் ஞாயித்துக்கிழமை மத்தியானத்தோட காலாவதி ஆயிடுச்சு. புதுப்பிக்க நான்தான் மறந்துட்டேன். அதனால அந்த சர்வர் நம்மளை யாருன்னு தெரியாதுன்னு சொல்லுது."

"என்னை யாருன்னு தெரியாதுன்னு சொல்றானா?"

"அவர் சொல்லலை மாமா. சர்வர் சொல்லுது."

"யார் வீட்டு சர்வர்?"

மருமகள் சான்றிதழைப் புதுப்பித்தாள். பிரச்சினை அத்துடன் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று நாளாகத் தட்டித் தட்டி அலுத்துப்போன அந்தப் பக்கத்துச் சர்வர், இந்த வீட்டின் பெயரைப் 'பதில் இல்லாத இடம்' என்று ஒதுக்கி வைத்திருந்தது. அதை அங்கிருந்து ஒருவர் கட்டளை கொடுத்து விடுவிக்க வேண்டும்.

"அப்படின்னா அவங்களுக்கு யாராவது போன் பண்ணணும்" என்றாள்.

வேலைக்கார அம்மாள் துணியை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

கடைசியில் மாமியார்தான் வழி கண்டுபிடித்தார். சின்னவர் வீட்டு சர்வரைப் பார்த்துக்கொள்பவர் அவருடைய மாப்பிள்ளை. பல் டாக்டர், வீட்டின் கீழ்த்தளத்திலேயே கிளினிக். மருமகள் மாப்பிள்ளையோடு பேசினால் அது அண்ணன் தம்பி பேசியதாக ஆகாது. பெரியவர் யோசித்து அனுமதித்தார். "ஸ்பீக்கர்ல போடு. என்ன பேசறீங்கன்னு எனக்குத் தெரியணும்."

"வாயை நல்லாத் திறங்க" என்றது போன். "ஐயோ, உங்களை இல்லை தங்கச்சி, சொல்லுங்க."

"அண்ணா, உங்க சர்வர்ல எங்க பேரை ஒதுக்கி வெச்சிருக்கு. கொஞ்சம் விடுவிக்கணும்."

"எங்க பக்கம் எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றார் பல் டாக்டர். எந்தச் சர்வர்காரரும் முதலில் சொல்லும் வாக்கியம் அது.

"எங்க பக்கமும் சரியாத்தான் இருக்குன்னு சொல்லு" என்றார் பெரியவர்.

போனுக்குள் இன்னொரு குரல் கேட்டது. சின்னவர் கிளினிக்குக்கு வந்து நின்றிருந்தார். "சான்றிதழ் புதுப்பிக்காதது யாருன்னு கேளுங்க மாப்பிள்ளை."

"அதைப் புதுப்பிச்சாச்சுன்னு சொல்லும்மா. வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு, தட்டினவனைக் குத்தம் சொல்ற பழக்கம் எங்க இருந்து வந்துச்சுன்னும் கேளு."

"யாரைச் சொல்றாராம், கேளுங்க மாப்பிள்ளை."

"உன்னைத்தான்டா!" என்றார் பெரியவர்.

நாற்காலியில் வாயைத் திறந்து வைத்திருந்த நோயாளிகூட மூச்சு விடவில்லை என்று பல் டாக்டர் பிறகு சொன்னார். ஆறு வருடங்களுக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"அண்ணன் குரல் கம்மியிருக்கு. சளியான்னு கேளுங்க" என்றார் சின்னவர்.

"சளி இல்லை. கோபம்."

பன்னிரண்டு மணிக்குத் தேங்கிக் கிடந்த செய்திகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போயின. பதிலும் வந்தது. 'தங்கள் வரைவு கிடைத்தது. ஆட்சேபங்கள் பின்னர் தெரிவிக்கப்படும்.' மருமகள் மடிக்கணினியை மூடிவிட்டுச் சாப்பிடப் போனாள். ஆட்சேபங்கள் வருவதற்குள், ஒன்றரை மணிக்கு, தொடர்பு அறுந்தது.

சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் கணக்குப்படி அன்றைய தேதி ஒன்பது வருடங்களுக்கு முந்தைய ஜனவரி ஒன்று. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் இருந்துகொண்டு இன்று காலை வாங்கிய சான்றிதழை நீட்டினால் யார் நம்புவார்கள்?

"உள்ள இருக்கிற சின்ன பேட்டரி செத்துப்போச்சு மாமா. கரண்ட் போய் வந்தா தேதி மறந்துடும். நடுவுல கரண்ட் போச்சா அத்தை?"

"கவனிக்கலையேம்மா" என்றார் மாமியார், மடித்த துணியையே மறுபடி மடித்தபடி.

"பழைய வயரிங்" என்றார் பெரியவர். "இந்த வீட்டுல எதுவும் நிலையா நிக்கறதில்லை."

மருமகள் கடைக்குப் போய்ப் புதுப் பேட்டரி வாங்கி வந்து மாட்டினாள். தேதி சரியானது. உடனே அந்தப் பக்கம் காணாமல் போனது. அங்கே இணையப்பெட்டி அணைந்து எரிந்ததில் அந்த வீட்டின் இணைய முகவரியே மாறிவிட்டிருந்தது. மறுபடியும் பல் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்று அவள் கூடத்துக்கு வந்தபோது, பெரியவர் தலை வாரி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"யாருக்காவது பண்ணணுமா?" என்றார்.

அந்தப் போன் இருபத்தைந்து நிமிடம் நீண்டது. மருமகளும் பல் டாக்டரும் பேசியது நான்கு நிமிடம். மீதி நேரத்தில், சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கிணற்றில் வாளியைப் போட்டது அண்ணனா தம்பியா என்பது விவாதிக்கப்பட்டது. முடிவு எட்டப்படவில்லை. பத்திரிகையைப் பற்றி யாரும் பேசவில்லை.

"மாமா, பத்திரிகை விஷயத்தை அப்படியே போன்லயே..." என்று மருமகள் ஆரம்பித்தாள்.

"அது எழுத்துல வரணும். வாய்ப்பேச்சுக்கு என்ன ஆதாரம்?"

முகவரிக்காக ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று மருமகள் ஒரு காரியம் செய்தாள். சின்னவர் வீட்டுப் புது முகவரியைத் தன் சர்வரில் கையாலேயே எழுதிப் பூட்டிவிட்டாள். ஒரு மணி நேரத்தில் அந்த முகவரியும் மாறியது. அதன் பிறகு பெரியவருடைய செய்திகள் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய வீட்டைத் தட்டி, 'நீங்கள் தேடுபவர் இங்கே இல்லை' என்று திரும்பி வந்துகொண்டிருந்தன. முப்பத்தைந்து வருடம் அஞ்சல் துறையில் இருந்தவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

"ஆஸ்பத்திரியில எப்படித்தான் நோயாளிங்க பிழைக்கறாங்களோ" என்று சாயங்காலம் வீடு திரும்பிய கணவன் சொன்னான். அன்று அவனுக்குக் காப்பி கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை மருமகள் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். எல்லாமே ஒழுங்காக இருந்த நாளுக்குத் திரும்பிவிடுவது. ஒவ்வொரு ஞாயிறும் மாலை ஏழு மணிக்குச் சர்வர் தன்னைத்தானே ஒரு பிரதி எடுத்து வைக்கும். அந்தப் பிரதியை எடுத்துப் பொருத்தினாள். பிசகில்லாமல் பொருந்தியது. புதிய சான்றிதழை வைத்தாள். கைகுலுக்கல் நடந்தது. தேங்கியிருந்த செய்தி ஒன்று விர்ரென்று அந்தப் பக்கம் போயும் சேர்ந்தது.

"போயிடுச்சு மாமா!"

"எது?"

மருமகள் திரையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரைக்குக் கோபத்தில் எழுதி அனுப்பும் வரிசையில் வைத்து, எட்டு மணிக்கு மனம் மாறிப் பெரியவரே அழித்துவிட்ட முதல் வரைவு அது. ஏழு மணிப் பிரதியில் அது உயிரோடு இருந்தது. அதில் பெரியவரின் பெயருக்குப் பின்னால் பதவி, பட்டம், துறை எல்லாம் ஒன்றரை வரிக்கு ஓடின. அதற்குக் கீழே, 'மற்றும் தம்பி.' அவ்வளவுதான். பெயர்கூட இல்லை.

"திரும்பக் கூப்பிடு அதை!" என்று பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

"போனது போனதுதான் மாமா."

மூன்று நிமிடத்தில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அது அடித்தே பல மாதங்கள் ஆகியிருந்ததால் என்ன சத்தம் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. மருமகள் எடுத்தாள்.

"மாப்பிள்ளையும் வேண்டாம், மருமகளும் வேண்டாம்" என்றது சின்னவரின் குரல். "குடும்மா அவர்கிட்ட!"

பெரியவர் வாங்கினார். நாற்பது நிமிடம் நின்றுகொண்டே பேசினார். இந்தப் பக்கம் கேட்டது மட்டும் இது:

"அழிச்சதுதான்டா அது... நான் அனுப்பலை, அதுவா வந்துச்சு... ஆமா, பேய்தான் அனுப்புச்சு, போதுமா?... சரி, உன் பேருக்குப் பின்னாடி என்ன போடணும்ங்கற?... மின்துறை செயற்பொறியாளரா? யாருக்கும் ஷாக் அடிக்காம ரிட்டயர் ஆனதுக்கு ஒரு பட்டமா?... நான் முத்திரை குத்தினேனா? டேய், கண்காணிப்பாளர் முத்திரை குத்த மாட்டான்டா, குத்தறவனைக் கண்காணிப்பான்!... சாப்பிட்டியா?... என்ன, இன்னும் சாப்பிடலையா? சர்க்கரையை வெச்சுக்கிட்டு மணி என்ன ஆகுது? வை போனை!"

போனை வைத்துவிட்டுப் பெரியவர் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. பத்து வயது குறைந்தவர் போல இருந்தார்.

"எழுத்துல அனுப்பச் சொல்லியிருக்கேன்" என்றார் கடுமையாக. "சர்வரைச் சரி பண்ணு."

மருமகள் சரிசெய்தாள். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டும் பேசின. எட்டே முக்காலுக்கு இந்தப் பக்கம் விழுந்தது. தூக்கி நிறுத்தினாள். பத்து மணிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. பல் டாக்டர் ஒரு பல்லைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தினார். பதினொன்றரைக்கு இந்தப் பக்கம். ஒரு மணிக்கு அந்தப் பக்கம். விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு போன், ஒவ்வொரு போனுக்கும் ஒரு பழைய வழக்கு. கிணற்று வாளி வழக்கு மேல்முறையீட்டுக்குப் போயிருந்தது. பத்திரிகை வாசகம் மட்டும் எழுத்தில் வந்து சேரவில்லை.

மூன்று மணிக்கு மருமகள் மடிக்கணினியை மூடினாள்.

"மாமா, என்னால முடியலை. பதினோரு வருஷமா இதே வேலை செய்யறேன், இப்படி ஒரு கோளாறை நான் பார்த்ததில்லை. இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு. உங்க பேரு இல்லாம பத்திரிகை வந்தா, அதுக்குக் காரணம் நான்தான்னு ஆயிடும். தயவு பண்ணி நேர்ல போயிடுங்க."

பெரியவர் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவன் வருவானா?"

"கேட்டுப் பாருங்க."

ஆறு வருடமாகச் சுழற்றாத எண்ணை, எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல், பெரியவர் சுழற்றினார்.

அச்சகம் ஒரு குறுகலான தெருவில் இருந்தது. உள்ளே மை வாசனை. மேசை முழுவதும் மாதிரி அட்டைகள். காதில் பென்சில் செருகிய அச்சகத்துக்காரர். அண்ணனும் தம்பியும் வாசலில் ஒரே நேரத்தில் வந்து நின்று, "நீ முதல்ல போ" என்று ஒருவரும், "மூத்தவர் போங்க" என்று ஒருவரும் ஐந்து நிமிடத்தை வீணடித்தார்கள். வாசகம் பதினோரு நிமிடத்தில் முடிந்தது. பெரியவர் பெயர் முதலில், சின்னவர் பெயர் அடுத்து, இரண்டும் ஒரே அளவு எழுத்தில். பட்டங்கள் யாருக்கும் இல்லை. அது பெரியவரே சொன்னது. நாலு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"அப்போ நான் அச்சுக்கு அனுப்பிடட்டுங்களா?" என்றார் அச்சகத்துக்காரர்.

"அனுப்புங்க, அனுப்புங்க" என்றார் சின்னவர். "அண்ணே, அந்த வாளிக்குக் கயிறு கட்டினது யாரு? அதைச் சொல்லுங்க."

"கட்டினது நான்டா. அவிழ்த்தது யாரு?"

அச்சகத்துக்காரர் தன் நாற்காலியை ஒருவருக்கும் முக்காலியை மற்றவருக்கும் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே வேலையைப் பார்க்கப் போனார்.

வெளியே மர பெஞ்சில் மருமகளும் பல் டாக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அடுத்து மாமியாரும், சின்னவரின் மனைவியான சின்ன மாமியாரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஆறு வருடத்துப் பேச்சை அவசரமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மருமகளின் கைப்பேசி ஒரு முறை சிணுங்கியது. பிறகு ஓயாமல் சிணுங்கியது.

"தங்கச்சி, பார்த்தீங்களா?" என்றார் பல் டாக்டர், தன் கைப்பேசியைக் காட்டி. "ரெண்டு சர்வரும் முக்கால் மணி நேரமா ஒரு தடங்கல் இல்லாம பேசிட்டிருக்கு. நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை அண்ணா. கிளம்பறப்போ சர்வரை ஓட விட்டுட்டு வந்தேன், அவ்வளவுதான். நீங்க?"

"நானும் அவ்வளவுதான். வீட்டைப் பூட்டிட்டு எல்லாரும் வந்துட்டோமே."

அப்போது மருமகளின் கைப்பேசியில் அழைப்பு வந்தது. கல்யாணப் பெண்ணின் தாய். அச்சகத்துக்காரர் கையெழுத்தான வாசகத்தை அனுப்பியிருந்தார். அவள் குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. அத்துடன் ஒரு செய்தியும் வைத்திருந்தாள்.

"இங்க எல்லாரும் சொல்லிக்கிறாங்களேம்மா, ரெண்டு வீட்டு சர்வர்லயும் யாரோ வெளியாள் புகுந்து மூணு நாளா ஆட்டி வெச்சானாமே? நம்ம குடும்பத்து மேல யாருக்கு அவ்வளவு பொறாமை?"

"அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன்" என்றாள் மருமகள். வேறு காரணம் அவளுக்கும் கிடைக்கவில்லை. "பெரிய ஆளாத்தான் இருக்கணும். எங்கேயும் ஒரு தடயம்கூட விடலை."

சின்ன மாமியார் கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கினார்.

"வெளியாள் யாரும் புகலை அண்ணி. நாங்க ரெண்டு பேரும் கண்ணால பார்த்தோம். எங்க வீட்டு சுவிட்சை அணைச்சது உங்க தம்பி, அந்த வீட்டு சுவிட்சை அணைச்சது உங்க அண்ணன்."